இல்லத்தினுள் ஓர் இருப்புப்பாதை

காங்கேயத்திற்கு இரயில் நிலையம் இல்லை. இரயிலேற வேண்டுமாயின் ஊத்துக்குளிக்கோ, திருப்பூருக்கோ, ஈரோட்டுக்கோதான் செல்ல வேண்டும். ஆயினும் வாசக நேயர்களே, ஒரு கட்டிலளவு பலகை இருந்தால் உங்கள் இல்லத்திற்கே இரயிலை வரவழைத்துவிடலாம்!

புனே நகரின் பாவ் ஜோஷி என்பார் இப்பொழுதுபோக்கில் ஆழ்ந்தவர். அவருடைய உழைப்பே 1998-ஆம் ஆண்டு சிற்றுரு இரயில் அருங்காட்சியகமாக மலர்ந்தது.

உண்மை இரயிலின் 87-இல் ஒரு பங்கு என்பதே உலகில் பரவலான அளவு. இதில் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். பொதுவாக 12 வோல்ட் நேர்மின்சாரம் தண்டவாளங்கள் வழியாகவே எஞ்சினை அடைகிறது; இரு தண்டவாளங்களே இரு மின்கம்பிகள். இணைப்பை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும்.

ஒரே இடத்தில் மின்சாரம் கொடுத்தால் தொலைவில் வண்டி தளர்ந்துவிடும். ஆகவே பலகையின் அடியில் தடித்த இரு கம்பிகளை ஓடவிட்டு, ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு ஒருமுறை மெல்லிய கம்பிகளால் தண்டவாளத்தோடு பற்றவையுங்கள். வண்டி வளைந்து வந்த பாதையிலேயே திரும்பிச் சேருமாறு அமைத்தால் எதிரெதிர் முனைகள் மோதி ஷார்ட் சர்க்யூட் ஆகும். அவ்வளைவின் இரு முனைகளிலும் தண்டவாளங்களில் இடைவெளி விட்டு, தனிச் சுவிட்ச் பொருத்துதல் அவசியம்.

எச்சரிக்கை: வீட்டு மின்சாரம் 230 வோல்ட். தரமான டிரான்ஸ்பார்மரைக் கடையில் வாங்குங்கள். அதைப் பெரியவர்களே கையாளட்டும்.

வண்டி நின்றுவிட்டால் உடனே நீங்கள் சரிசெய்துவிடாதீர்கள். எந்த இணைப்பு விட்டுப்போயிற்று என்பதை உங்கள் மகனோ மகளோ தேடிக் கண்டுபிடிக்கட்டும். பொறுமையும் ஆராயும் அறிவும் அவ்வாறுதான் வளரும்.