மண்ணில் கிடைத்த பழைய உலோகம்: பெயர் சூட்டும் முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

ஜொகூரில் சுங்கத் துறை அதிகாரியாக இருந்த ஜெரால்ட் கார்ட்னர், ஜொகூர் ஆற்றில் கிடைத்த பழைய பொற்காசுகளைப் பற்றி 1933இல் ராயல் ஆசியச் சங்கத்தின் மலாயாக் கிளை இதழில் ஒரு குறிப்பு எழுதினார். காசுகளில் இருந்த அரபு எழுத்துகளைப் படித்ததால், அவை ஜொகூர் சுல்தான்கள் வெளியிட்டவை என்பது தெளிவானது. ஆற்று மணலில் கிடந்த பொன்துண்டு ஓர் அரசின் வரலாற்றுச் சான்றாக மாறியது இப்படித்தான்.

இன்று மெட்டல் டிடெக்டர் கருவியை யார் வேண்டுமானாலும் இணையத்தில் வாங்கிவிடலாம். கருவி ஒலித்ததும் தோண்டி, கிடைத்ததைக் கழுவிப் படம் எடுத்து, "இது எந்தக் காலத்துப் பொருள்?" என்று கேட்பவர்கள் பெருகி வருகிறார்கள். ஜொகூரில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்த பிறகு, அந்த அரச மரபினர் ஜொகூர் ஆற்றங்கரையில்தான் புதிய அரசை நிறுவினார்கள். ஜொகூர் லாமா, பத்து சாவார், மக்காம் தவ்ஹித் எனத் தலைநகரம் அடிக்கடி இடம் மாறியது. 1587இல் போர்த்துகீசியர் ஜொகூர் லாமாவைத் தாக்கி எரித்தார்கள். கோத்தா திங்கி வட்டாரத்து மண் இவை அனைத்தையும் தாங்கிய மண்.

என்ன உலோகம்?

கருவியால் பொருளின் பெயரைச் சொல்ல முடியாது. மண்ணுக்கடியில் இருப்பதன் மின்கடத்தும் தன்மையையும் காந்தத் தன்மையையும் பொறுத்தே அது ஒலிக்கும். மெல்லிய பொற்காசும் பான டின்னின் அலுமினிய மூடித் துண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கலாம். ஜொகூரின் செம்மண்ணில் உள்ள இரும்புத் தாதுவும் கருவியை ஏமாற்றும்.

அடுத்து நம்ப வேண்டியது கண்ணை. தங்கம் எத்தனை நூற்றாண்டு புதைந்து கிடந்தாலும் மஞ்சள் மாறாது. வெள்ளி கறுக்கும். செம்பும் வெண்கலமும் பித்தளையும் பச்சை பூக்கும். ஈயமும் வெள்ளீயமும் மங்கிய சாம்பல் நிறத்துக்கு வரும். இரும்பு துருவேறி உப்பி, வடிவமே தெரியாமல் போகும். உள்ளே இரும்பு மிச்சம் இருந்தால் காந்தம் இழுக்கும். சாம்பல் நிறம் என்பதால் எதையும் தூக்கி எறிந்துவிடக் கூடாது. தீபகற்பத்தில் வெள்ளீயம் தாராளமாகக் கிடைத்ததால் மலாக்கா, ஜொகூர் சுல்தான்கள் அதில் காசு அடித்தார்கள். பொற்காசுகளில் பெரியது 'மாஸ்', அதன் கால் பங்கு 'கூப்பாங்'. எட்டு மூலை கொண்ட பொற்காசுகளும் ஜொகூரில் வெளிவந்தன.

நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்ப்பது வழக்கம். மண்ணில் கிடைத்த பழம்பொருளிடம் அந்தப் பழக்கத்தைக் காட்டவே கூடாது. புளியின் அமிலம் பச்சைப் படிவைக் கரைக்கும்போது, அந்தப் படிவில் மட்டுமே எஞ்சியிருந்த எழுத்தும் கோடும் சேர்ந்து போய்விடும். மென்மையான தூரிகையால் ஒட்டாத மண்ணைத் தட்டிவிட்டால் போதும். ஆற்றிலோ கடலோரச் சேற்றிலோ கிடந்த பொருளை வெயிலில் காய வைத்தால் வெடித்து உதிரும்; ஈரம் போகாமல் வைத்திருந்து, அறிந்தவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். செம்பின் மீது வெளிர் பச்சைத் தூள் உதிர்ந்துகொண்டே இருந்தால், உப்பு உள்ளே புகுந்து உலோகத்தை அரிக்கிறது என்று பொருள். அதை ஈரம் படாமல் தனியாக வைக்க வேண்டும்.

வடிவம் எதனுடன் ஒத்துப்போகிறது?

மூவார் அருகே கம்போங் பெஞ்சுவில் 1960களில் ஒரு பெரிய வெண்கல மணி கிடைத்தது. அதில் எழுத்து ஏதும் இல்லை. சுருள் சுருளான அணிவேலை மட்டுமே உண்டு. அதே வடிவ மணிகள் கிள்ளானிலும் கம்போடியாவிலும் முன்பே கிடைத்திருந்தன. அவற்றோடு ஒப்பிட்டதால்தான், இது தென்கிழக்காசியாவின் பழைய உலோகக் காலத்தைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் முடிவு செய்ய முடிந்தது. எழுத்தில்லாத பொருளுக்கு இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி. எடையைக் கிராமிலும் அளவை மில்லிமீட்டரிலும் குறித்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி இரு புறமும் படம் எடுத்தால் அருங்காட்சியகத்தார் எளிதில் ஒப்பிடுவார்கள்.

எழுத்து என்ன சொல்கிறது?

ஜொகூரில் பழைய காசு கிடைத்தால் அது சுல்தானின் காசாகத்தான் இருக்கும் என்பதில்லை. 'விஓசி' என்ற மூன்று எழுத்தும் பின்னிக் கிடந்தால் அது டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் செப்புக்காசு. நடுவே சதுரத் துளை இருந்தால் பெரும்பாலும் சீனக் காசு. 1845 என்ற ஆண்டும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் இருந்தால், அது நீரிணைக் குடியேற்றங்களுக்காக அடித்த சென்ட். 1919 முதல் ஒரு சென்ட் நாணயம் சதுர வடிவில் வந்தது. பழைய தோட்டப் பகுதிகளில் அதைப் பார்த்த முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

தமிழ் எழுத்தோ இந்துக் கடவுள் உருவமோ தெரிந்துவிட்டால் உடனே "சோழர் காலம்" என்று முடிவு கட்டும் ஆசை நமக்கு வருவது இயல்பு. ஆசையைச் சான்றாகக் கொள்ள முடியாது. ஜொகூர்க் காட்டுக்குள் கோத்தா கெலாங்கி என்ற பழம்பெரும் நகரம் மறைந்திருப்பதாக 2005இல் செய்தி பரவி, ராஜேந்திர சோழன் படையெடுப்போடும் அது இணைத்துப் பேசப்பட்டது. தேடிப் பார்த்த அதிகாரிகள், அப்படியொரு நகரத்துக்குச் சான்று இல்லை என்று 2006இல் அறிவித்தார்கள்.

எங்கே கிடந்தது?

நான்கில் முக்கியமான கேள்வி இதுதான். நியூசிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் கொலன்சோ என்ற பாதிரியார் ஒரு வெண்கல மணியின் பகுதியைக் கண்டார். மாவோரிப் பெண்கள் அதில் கிழங்கு வேக வைத்துக்கொண்டிருந்தார்கள். அது ஒரு கப்பல் மணி என்பதையும், உடையவர் முகைதீன் பக்ஸ் என்பதையும் மணியில் இருந்த தமிழ் எழுத்தே சொல்லிவிட்டது. ஆனால் எந்தக் கப்பல், எப்போது, எப்படி அங்கே வந்தது என்பதற்கு இன்றுவரை விடை இல்லை. அது முதலில் கிடந்த இடத்தை வல்லுநர் எவரும் ஆராயவில்லை, பதிவு செய்யவும் இல்லை. பொருள் வெலிங்டன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதன் கதை மண்ணோடு போய்விட்டது.

எந்த ஆழம், எந்த மண் அடுக்கு, அருகே ஓட்டுச் சில்லு இருந்ததா, கரித்துண்டு இருந்ததா என்பவைதான் காலத்தைச் சொல்லும். கருவியோடு வருபவர் காசை மட்டும் பிடுங்கிக்கொண்டு குழியை மூடினால் இந்தச் சான்றுகள் ஒரே நிமிடத்தில் அழிந்துவிடும். எந்த ஆய்வுக்கூடமும் அவற்றை மீட்டுத் தர முடியாது.

தொடவே கூடாதவை

1942 ஜனவரியில் மூவார், பக்ரி, பாரிட் சூலோங் வட்டாரங்களில் ஜப்பானியப் படையோடு கடும் போர் நடந்தது. 45ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிகேட் அங்கே ஏறக்குறைய முழுதும் அழிந்தது. பித்தளைத் தோட்டாக் கூடுகள் அங்கே கிடைப்பதில் வியப்பில்லை. அடிப்பகுதி விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது பிரிட்டிஷ், இந்திய, ஆஸ்திரேலியப் படைகள் பயன்படுத்திய .303 துப்பாக்கிக்கு உரியதாக இருக்கலாம். அடியில் தொழிற்சாலைக் குறியும் ஆண்டும் பொறித்திருப்பார்கள். குண்டோ எறிகுண்டோ போலத் தெரிந்தால் கை வைக்கக் கூடாது. துருப்பிடித்த வெடிபொருளும் வெடிக்கும். விலகி நின்று 999க்கு அழையுங்கள். மனித எலும்பு தெரிந்தால் தோண்டுவதை நிறுத்திக் காவல் துறைக்குச் சொல்லுங்கள். அவர் வீடு திரும்பாத ஒரு படைவீரராக இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம் 2006 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. பழம்பொருளைத் தேடி அகழ உரிமம் வேண்டும். தற்செயலாகக் கிடைத்தாலும் பாரம்பரிய ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ உடனே தெரிவிக்க வேண்டும். நிலத்திலோ ஆற்றுப் படுகையிலோ புதைந்திருந்த உரிமையாளர் தெரியாத பொன், வெள்ளி, காசு ஆகியவை புதையல் என்ற வகையில் சேரும். "நான் எடுத்தேன், எனக்கே சொந்தம்" என்று விற்க முடியாது.

நம் தோட்டத்து மண்

குளுவாங், லாபிஸ், சிகாமட் வட்டாரங்களில் நம் தாத்தா பாட்டிகள் உழைத்த ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தொழிலாளர் லயங்கள் இருந்த இடத்தில் பால்வெட்டும் கத்தி, பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) அடித்த தண்டவாளத் துண்டு, கோயில் மணி, பித்தளைச் செம்பு கிடைத்தால் அவற்றையும் சுல்தானின் பொற்காசுக்கு இணையாக மதியுங்கள். நம் உழைப்பாளர்களின் அன்றாட வாழ்வுக்கு அவையே நேரடிச் சாட்சி. பழைய இரும்புக் கடைக்குப் போடுமுன் படம் எடுங்கள். தோட்டத்தின் பெயர், இடம், தேதி, கண்டெடுத்தவர் பெயர் ஆகிய நான்கையும் தாளில் எழுதிப் பொருளோடு கட்டி வையுங்கள். மாவட்ட அலுவலகத்துக்கும் தகவல் சொல்லுங்கள்.