பட்டம் இருக்கிறது, செய்த வேலை எங்கே?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே முதலிடம். நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி, சுங்கான்கடையிலும் குமாரகோவிலிலும் பொறியியல் படிப்புகள் என்று படிக்க வசதிக்குக் குறைவே இல்லை. அதனால்தான் இங்கே வேலை தேடுவது இன்னும் கடினமாகிறது. பட்டம் எல்லோர் கையிலும் இருக்கும் ஊரில், பட்டத்தை மட்டும் காட்டி யாரும் தனித்துத் தெரிய முடியாது.

தேர்வு முடிந்த கையோடு பலர் போவது ஜெராக்ஸ் கடைக்கு. அங்கே கணினியில் ஏற்கெனவே யாருடைய ரெஸ்யூமோ கிடக்கும். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் மூன்றையும் மாற்றினால் புதியது தயார். மேலே, சவாலான சூழலில் திறமையை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உழைப்பேன் என்ற குறிக்கோள். நடுவில் அப்பா பெயர், மதம், திருமணம் ஆகவில்லை என்ற விவரம், பொழுதுபோக்காகக் கிரிக்கெட். கீழே, எல்லாம் உண்மை என்ற உறுதிமொழியும் கையெழுத்தும். ஆள் எடுக்கும் அதிகாரி அன்றைக்கே இதே பக்கத்தை வேறு பெயர்களில் பலமுறை பார்த்திருப்பார். அதில் இந்தப் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியும் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது.

இத்தனைக்கும் செய்த வேலை பலரிடம் இருக்கிறது. ஒரு பி.காம். மாணவரை எடுத்துக்கொள்வோம். கல்லூரி முடிந்து மாலையில் ரப்பர் ஷீட் வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதியிருக்கிறார். அதெல்லாம் ஒரு வேலையா என்று அதை விட்டுவிடுகிறார். அதையே இப்படி எழுதலாம்: 'இரண்டு ஆண்டுகள், பகுதி நேரம். கொள்முதல், விற்பனை இரண்டையும் டாலியில் பதிவு செய்தேன். மாதந்தோறும் ஜிஎஸ்டி கணக்குக்கான பில்களைச் சரிபார்த்து ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கொடுத்தேன்.' குறிக்கோள் என்ற பத்தி முழுவதையும்விட இந்த மூன்று வரிக்கு மதிப்பு அதிகம். நேர்முகத் தேர்வில் கேள்வியும் இங்கிருந்துதான் வரும். செய்தவருக்குப் பதில் சொல்லத் தடுமாற்றம் இருக்காது.

இன்னொன்றும் விடுபட்டுப்போகிறது. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. விளவங்கோடு வட்டாரத்தில் மலையாளம் பேசத் தெரிந்த பிள்ளைகள் ஏராளம். ஆனால் தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம் என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். 1990-இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க் என்ற தகவல் தொழில்நுட்ப வளாகம் திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்தில் இருக்கிறது. திருவனந்தபுரத்தின் மருத்துவமனைகளும் வங்கிகளும் பக்கத்திலேயே. அங்கே வாடிக்கையாளரோடு தமிழ், மலையாளம் இரண்டிலும் பேசக்கூடியவர் தேவைப்படும் இடங்கள் நிறைய. டெக்னோபார்க்கின் இணையதளத்திலேயே அங்குள்ள நிறுவனங்களின் காலியிடங்கள் வெளியாகின்றன. சென்னை, பெங்களூரு அறிவிப்புகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் மார்த்தாண்டத்துப் பட்டதாரி முதலில் திறந்து பார்க்க வேண்டியது அதைத்தான்.

காட்டுவதற்கு வேலையே இல்லை என்பவருக்கும் வழி உண்டு: தொழிற்பழகுநர் பயிற்சி, அதாவது அப்ரண்டிஸ். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் தொழிற்கல்விக்காரர்களுக்காக வந்தது. பிறகு பொறியியல் பட்டதாரிகளும், 2014 திருத்தத்துக்குப் பின் கலை, அறிவியல், வணிகப் பட்டதாரிகளும் சேர்ந்தார்கள். மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் இஸ்ரோ வளாகம், திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், கூடங்குளம் அணுமின் நிலையம், மணவாளக்குறிச்சி அரிய மணல் ஆலை எல்லாம் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கின்றன. இஸ்ரோ மையங்கள் பி.காம். படித்தவர்களையும் பழகுநராக எடுத்திருக்கின்றன. 2019 விதிகள் பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் 9,000 ரூபாய் என்ற குறைந்தபட்ச உதவித்தொகையை வைத்தன. பணம் பெரிதல்ல, உண்மைதான். முடிவில் அங்கேயே நிரந்தர வேலை என்ற உறுதியும் கிடையாது. ஆனால் ஓராண்டு முடிந்ததும் கையில் சான்றிதழும், ரெஸ்யூமில் எழுத ஒரு பெரிய நிறுவனத்தின் பெயரும் இருக்கும். தேர்ச்சி பெற்ற சில ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேறெங்காவது ஓராண்டுக்கு மேல் வேலை பார்த்துவிட்டால் வாய்ப்பு போய்விடும். கல்லூரி முடிந்த உடனே இதை யாராவது பிள்ளைகளிடம் சொன்னால் நல்லது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தபடி இருப்பதைப் பல பெற்றோர் இன்னும் நம்புகிறார்கள். பதிவு செய்யட்டும், ஆனால் அதோடு உட்கார்ந்துவிடக் கூடாது. ஐந்தாண்டு காத்திருந்த பட்டதாரிக்கு, குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு, அரசு தரும் உதவித்தொகை மாதம் 600 ரூபாய். அதே அலுவலகத்தின் வேறு சேவைகள்தான் உண்மையில் பயன்படுபவை: நாகர்கோவில் கோணத்தில் உள்ள மாவட்ட மையத்தின் தன்னார்வ பயிலும் வட்டம் டிஎன்பிஎஸ்சி தேர்வுகளுக்குக் கட்டணமில்லாமல் பயிற்சி தருகிறது. தனியார் வேலைவாய்ப்பு முகாம்களும் அதன் மூலம் நடக்கின்றன.

வளைகுடா கனவு இல்லாமல் இந்த ஊரின் வேலைத் தேடலைப் பேச முடியாது. பத்தாம் வகுப்பு தேறாதவர் சில நாடுகளுக்கு வேலைக்குப் போக, அரசின் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். பட்டதாரிக்கு அது பொதுவாகத் தேவையில்லை. செவிலியர்களுக்கு மட்டும் 2015 முதல் கட்டாயம். அனுமதி தேவையில்லை என்றால், ஒப்பந்தத்தைச் சரிபார்க்க நடுவில் யாரும் இல்லை என்று பொருள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது இத்தகையவர்களைத்தான். தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரில் அடைத்து, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். சிக்கியவர்களில் கணினி தெரிந்த தமிழ் இளைஞர்களும் இருந்தார்கள்.

வெளிநாட்டு வேலை என்று ஒருவர் அணுகினால், முதலில் அவருடைய பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். பதிவு பெற்ற முகவர் கேட்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். லட்சக்கணக்கில் கேட்டாலோ, சுற்றுலா விசாவில் போய் இறங்குங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றாலோ, பாஸ்போர்ட்டைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிட வேண்டும். தமிழ்நாடு அரசே 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையிலிருந்து செவிலியர், பொறியாளர், ஓட்டுநர் எனப் பலரையும் வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. அதன் அறிவிப்புகள் தமிழிலும் வருகின்றன.