மூச்சுக் கணக்கு

ஒரு சின்னப் பரீட்சை. 'தைய தையா' பாட்டைப் போட்டுக்கொண்டு, நாலு வரிக்குக் குதித்து ஆடிக்கொண்டே நீங்களும் பாடுங்கள். மூன்றாவது வரியில் மூச்சு வாங்கும். நாலாவது வரியில் பக்கத்து ரூம்காரர் கதவைத் தட்டுவார்!

சினிமாவில் இந்தத் தொல்லை இல்லை. பாடுகிறவர் ஒருத்தர், ஆடுகிறவர் இன்னொருத்தர். 1998-ல் வந்த 'உயிரே' படத்தில் அந்தப் பாட்டுக்கு ஷாருக்கானும் மலைக்கா அரோராவும் ஆடியது நம்ம நீலகிரி மலை ரயிலின் கூரைமேல். டான்ஸ் மாஸ்டர் ஃபரா கான். ஓடும் ரயிலில் ஓடியா ஆட முடியும்? அதனால்தான் ஆட்டம் முழுக்க இடுப்பு, தோள், கை என்று மேல் மாடியிலேயே நடக்கிறது. பாட்டின் மூலவேர் பஞ்சாபி சூஃபிக் கவி புல்லே ஷா. மெட்டு நம்ம ரகுமான். பஞ்சாப் ஞானி ஊட்டி ரயிலில் டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்டார்!

அந்தப் பாட்டு அதோடு இறங்கவில்லை. 2002-ல் லண்டன் அப்போலோ விக்டோரியா தியேட்டருக்கே போனது, 'பாம்பே ட்ரீம்ஸ்' என்ற இசை நாடகத்தில். தயாரிப்பு ஆண்ட்ரூ லாயிட் வெபர். நடனம் ஃபரா கானும், லண்டன் மேடை நெளிவு சுளிவு தெரிந்த ஆன்டனி வான் லாஸ்ட்டும். கூடவே 'முதல்வன்' (1999) படத்தின் 'ஷக்கலக்க பேபி'யும். படத்தில் சுஷ்மிதா சென் ஆடியதை, அங்கே மேடையில் நீரூற்று பீய்ச்ச நனைந்துகொண்டே ஆடினார்கள். நம்ம ஊர் மழைப் பாட்டேதான்.

ஆனால் மேடையில் 'கட்' கிடையாது. வழுக்கினால் ரீடேக் இல்லை. குளோஸப்பும் இல்லை. சினிமாவில் கதாநாயகி புருவத்தைத் தூக்கினால் கேமரா ஓடி வந்து காட்டும். மேடையில் கடைசி வரிசைக்காரருக்குப் புருவம் தெரியாது. அதனால் ஒருவர் செய்ய வேண்டியதை இருபது பேர் சேர்ந்து பெரிதாகச் செய்ய வேண்டும். 2004-ல் நாடகம் நியூயார்க் பிராட்வேக்குப் போனபோது, நடனத்துக்காக டோனி விருதுப் பரிந்துரை கிடைத்தது. விருது கிடைக்கவில்லை.

சரி, மூச்சுக் கணக்குக்கு வருவோம். பிராட்வேகாரர்கள் இதை 1943-லேயே யோசித்தார்கள். 'ஓக்லஹோமா' நாடகத்தின் கனவு நடனத்தில் பாடும் கதாநாயகியை ஓரங்கட்டிவிட்டு, அவள் வேடத்தில் வேறொரு நடனக்காரியை ஆடவிட்டார் ஆக்னஸ் டி மில். ஒரே பாத்திரம், இரண்டு ஆள். வரவு ஒருத்தர், செலவு ஒருத்தர்.

நம்ம தெருக்கூத்துக்காரர் இன்னும் கெட்டிக்காரர். ஆளை மாற்றவில்லை. அரூர்ப் பக்கம் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துரியோதனன் ஒரு அடியைப் பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில்தான் அவர் ஆடுகிறார், கிறுகி போட்டுச் சுற்றுகிறார். மூச்சு இன்னும் வேண்டுமென்றால்? கட்டியக்காரன் நடுவில் புகுந்து ஒரு கிண்டல் அடிப்பான். நாம் சிரிக்கிற நேரத்தில் ராஜா இளைப்பாறிவிடுவார்!

குளோஸப்புக்கும் வழி வைத்திருக்கிறார்கள். தலையில் கிரீடம், தோளில் புஜகீர்த்தி, முகத்தில் அரிதாரம், சுற்றினால் குடையாய் விரியும் பாவாடை. எட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் 'வந்தது ராஜா' என்று புரிந்துவிடும். இத்தனை கட்டையையும் சுமந்துகொண்டுதான் ராத்திரி முழுக்கப் பாட்டும் ஆட்டமும்.

இப்படிப்பட்டவருக்குத் திருவிழா பட்ஜெட்டில் இடம் கொடுக்கத்தான் கை இழுக்கிறது. ஆர்க்கெஸ்ட்ராவும் ரெக்கார்ட் டான்ஸும் வந்தால் கூட்டம் சேரும் என்கிறார்கள். வரட்டுமே, யார் வேண்டாம் என்றது? ஒரு ராத்திரி அதற்கு, ஒரு ராத்திரி கூத்துக்கு என்று பிரித்தால் அம்மன் கோபித்துக்கொள்ளவா போகிறாள்? கமிட்டியில் உங்களை மாதிரி இளவட்டங்கள்தானே நோட்டுப் புத்தகத்தோடு வசூலுக்குப் போகிறீர்கள்? மீட்டிங்கில் வாயைத் திறந்து கேளுங்கள்.

விடிய விடியப் பார்த்துவிட்டு மறுநாள் ஆபீஸுக்கு லேட்டாகப் போனால், மேனேஜரிடம் 'அபிமன்யு செத்துட்டான் சார்' என்று சொல்லுங்கள். பர்மிஷன் கிடைக்குமோ கிடைக்காதோ, பொய் சொன்ன பாவம் உங்களைச் சேராது!