மாறிகளின் ஆரம்ப மதிப்பு

ஆவடிக்கு வடக்கே வெள்ளானூர் வட்டாரத்தில் பொறியியல் பயில வரும் பிள்ளைகள் முதலாண்டு லேபில் எழுதும் ஸி புரோகிராம்களுள், ஒன்று முதல் பத்து வரை கூட்டுவதினும் எளியது வேறொன்றில்லை. ஆயினும், கூட்டுத்தொகைக்கென ஒரு மாறியை அறிவித்து, அதற்கு ஆரம்ப மதிப்புத் தராமலே கூட்டத் தொடங்கியவனுக்கு, 55 வரவேண்டிய இடத்தில் சம்பந்தமற்ற பேரெண் ஒன்று வந்து நிற்கக்கூடும். அவனும் அதை ‘கார்பேஜ் வேல்யூ’ என்று சொல்லி அப்பால் போய்விடுவான்.

அதன் காரணமோ ஆராயத்தக்கது. பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி 1972-ஐ ஒட்டி இம்மொழியை உருவாக்கியபோது, அவருக்கு வாய்த்த பி.டி.பி.-11 இயந்திரம் இக்காலக் கணினிகளின் முன் மிகச் சிறியது. ஒரு ஃபங்ஷன் அழைக்கப்படுந்தோறும் அதன் உள்மாறிகளுக்குரிய இடத்தைத் துடைத்துப் பூஜ்யமாக்குவது காலவிரயமாதலால், மொழி அப்பொறுப்பை எழுதுகிறவனிடமே விட்டுவிட்டது. ஆகவே, முந்தின வகுப்பு ஆசிரியர் அழிக்காமல் சென்ற கரும்பலகையைப் போல், பழைய எழுத்தே அங்கு எஞ்சி நிற்கிறது. ஃபங்ஷனுக்கு வெளியே அறிவிக்கப்படும் மாறிகளும் ஸ்டாடிக் மாறிகளும் மட்டும், மதிப்புத் தராவிட்டாலும், புரோகிராம் ஓடத் தொடங்குமுன்பே பூஜ்யமாகிவிடுகின்றன.

இவ்வாறு தாமே பூஜ்யமாகும் மாறிகளுக்கு வேறொரு நிபந்தனையுண்டு: அவற்றின் ஆரம்ப மதிப்பு கம்பைல் ஆகும்போதே நிர்ணயமாகவேண்டும். ஒரு ஃபங்ஷனை அழைத்துப் பெறும் மதிப்பை அங்கே எழுதினால், அது மாறிலியன்று எனக் கம்பைலர் மறுத்துவிடும். மதிப்பிடும் வரியை மெயினுக்குள் கொண்டுசெல்வதே பரிகாரம். உள்மாறியின் குறையோ இவ்வாறு பிழையாக அறிவிக்கப்படுவதில்லை. ஜி.ஸி.ஸி. கம்பைலருக்கு ‘வால்’ (-Wall) என்னும் விருப்பத்தைக் கொடுத்தால்தான் அது எச்சரிக்கும். ‘ஓ2’ (-O2) விருப்பத்தையும் சேர்த்தால், இஃப் கிளையொன்றில் மட்டும் மதிப்புப் பெறும் மாறிகளையும் பெரும்பாலும் சுட்டிக்காட்டும்.

எச்சரிக்கை மறைந்தால் போதுமென்று எல்லா மாறிகளுக்கும் பூஜ்யத்தை இட்டுவிடுவதை நான் பெருந்தீங்காகவே கருதுகிறேன். பெருக்கற்பலனுக்கு ஆரம்பம் ஒன்று. அங்கே பூஜ்யம் இட்டால் விடை என்றும் பூஜ்யமே. மைனஸ் 7, மைனஸ் 3, மைனஸ் 12 என்பவற்றுள் பெரியதைத் தேடுகிறவன் பூஜ்யத்தில் தொடங்கினால், பட்டியலிலேயே இல்லாத பூஜ்யம் விடையாக வந்துவிடும். முதல் எண்ணையே ஆரம்பமாகக் கொள்வதுதான் முறை. 2022-இல் வந்த ஜி.ஸி.ஸி. 12, உள்மாறிகளைத் தானே பூஜ்யமாக்கும் விருப்பமொன்றைத் தந்தது. நினைவகத்துப் பழைய தகவல் கசியாமல் தடுக்க அது உபகாரமானதே. எனினும் கணக்கின் நோக்கத்தை அது அறியாது.

ஆரம்ப மதிப்புத் தராமல் விடும் குறை பெருகியதற்குப் பழைய விதியொன்றும் காரணம். ஸி மொழியின் 1989-ஆம் ஆண்டுத் தரப்படி, மாறிகள் அனைத்தையும் தொகுதியின் தலைப்பிலேயே அறிவித்தாகவேண்டும். மதிப்புத் தெரியவருமுன்பே அறிவிக்க நேர்ந்தபடியால், அவை வெறுமையாக விடப்பட்டன. நம் கல்லூரி லேப்களில் நெடுங்காலம் ஆட்சிபுரிந்த டர்போ ஸி-யும் அவ்விதிக்கு உட்பட்டதே. 1999-ஆம் ஆண்டுத் தரம் அவ்விதியை நீக்கி, மதிப்புத் தெரியும் இடத்திலேயே மாறியை அறிவித்துக்கொள்ள அனுமதித்துவிட்டது. முதல் வாரத்திலேயே ‘வால்’ விருப்பத்தோடு இவ்வழக்கத்தையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்குமாறு லேப் ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன்.