ரூய் பட்ரீசியோ

ரூய் பெத்ரோ டோஸ் சாண்டோஸ் பட்ரீசியோ (பிறப்பு: பெப்ரவரி 15, 1988) போர்த்துகல் நாட்டைச் சேர்ந்த காற்பந்தாட்ட வீரர் ஆவார். கோல்காப்பாளராக ஆடிய இவர், போர்த்துகல் தேசிய அணிக்காக 108 ஆட்டங்களில் களமிறங்கியுள்ளார். அந்நாட்டின் கோல்காப்பாளர்களுள் இதுவே மிக அதிகமான எண்ணிக்கையாகும். போர்த்துகல் வென்ற முதல் இரு பெரிய கோப்பைகளான 2016 ஐரோப்பியக் கோப்பை, 2019 நாடுகள் கூட்டிணைவு ஆகிய இரண்டின் இறுதியாட்டங்களிலும் கோல் வாயிலைக் காத்தவர் இவரே. கழக அளவில் லிஸ்பன் நகரின் ஸ்போர்ட்டிங் கழகத்துக்காக 12 பருவங்களில் 467 ஆட்டங்கள் ஆடினார். இத்தனை நீண்ட காலம் ஆடியும் அக்கழகத்துடன் ஒருமுறைகூட நாட்டின் கூட்டிணைவுப் பட்டத்தை வெல்லாதது இவரது ஆட்ட வாழ்வின் முரண்களுள் ஒன்று.

இளமைக் காலம்

பட்ரீசியோ போர்த்துகலின் நடுப்பகுதியில் உள்ள லெய்ரியா நகரை ஒட்டிய மர்ராசஸ் என்னும் ஊரில் பிறந்தார். உள்ளூர்க் கழகத்தில் ஆடத் தொடங்கியபோது இவர் தாக்குநராகவே விளையாடினார். பின்னரே கோல்காப்பாளராக மாறினார். ஸ்போர்ட்டிங் கழகத்தின் தேர்வாளர்கள் கண்ணில் பட்டு, 12 வயதில் அக்கழகத்தின் இளையோர் பிரிவில் சேர்ந்தார். லூயிஸ் ஃபிகோ, கிறிஸ்டியானோ ரொனால்டோ, நானி போன்றோரை உருவாக்கிய பயிற்சிக்கூடம் அது.

ஸ்போர்ட்டிங் கழகம் (2006–2018)

கோல்காப்பாளரின் நிலை மற்ற வீரர்களின் நிலையிலிருந்து வேறுபட்டது. களத்தில் அவருக்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு. முதல்நிலைக் காப்பாளர் காயமடைந்தாலோ விலகினாலோ ஒழிய, இளையவருக்கு வாய்ப்புக் கிடைப்பது அரிது. பட்ரீசியோவுக்கு அவ்வாய்ப்பு 18 ஆம் வயதில் வந்தது. 2006 நவம்பர் 19 அன்று மரித்திமோ அணிக்கு எதிரான ஆட்டத்தில் பயிற்றுநர் பவுலோ பென்டோ இவரை முதன்முறையாகக் களமிறக்கினார். அந்த ஆட்டத்தில் இவர் ஒரு பெனால்ட்டி உதையைத் தடுத்தார். ஸ்போர்ட்டிங் 1–0 என வென்றது.

அப்போது தேசிய அணியின் கோல்காப்பாளராகவும் இருந்த ரிக்கார்டோ, 2007 இல் ஸ்பெயினின் ரியல் பெட்டிஸ் கழகத்துக்குச் சென்றார். அவருக்குப் பதிலாக செர்பிய வீரர் விளாடிமிர் ஸ்டொய்கோவிச் அழைத்து வரப்பட்டார். ஆயினும் பருவத்தின் நடுவிலேயே பட்ரீசியோ முதல் இடத்தைப் பிடித்துக்கொண்டார். 2007 நவம்பர் 27 அன்று மான்செஸ்டர் யுனைட்டெட் அணிக்கு எதிராக ஓல்ட் டிராஃபர்டில் ஆடியது இவரது முதல் வாகையர் கூட்டிணைவு ஆட்டமாகும். ஸ்போர்ட்டிங்கின் பழைய மாணவரான ரொனால்டோ கடைசி நேரத்தில் அடித்த தனி உதையால் அந்த ஆட்டத்தில் ஸ்போர்ட்டிங் 1–2 என்று தோற்றது.

தொடக்க ஆண்டுகளில் இவர் செய்த பிழைகளுக்காக அரங்கிலிருந்தோர் இவரைக் கடிந்துகொண்டதும் உண்டு. எனினும் பயிற்றுநர்கள் மாறிக்கொண்டே இருந்த காலத்திலும் கோல்காப்பாளர் மாறவில்லை. 2012 மார்ச்சில் யூரோப்பா கூட்டிணைவில் மான்செஸ்டர் சிட்டி அணியை ஸ்போர்ட்டிங் வெளியேற்றியது. அந்த ஆட்டத்தின் கடைசி நொடிகளில், கோலடிக்க முன்னேறி வந்த எதிரணிக் கோல்காப்பாளர் ஜோ ஹார்ட்டின் தலைமுட்டலை பட்ரீசியோ தடுத்து அணியைக் காத்தார். அவ்வாண்டு ஸ்போர்ட்டிங் அரையிறுதி வரை சென்றது.

அடுத்த பருவம் நேர்மாறானது. 2012–13 இல் ஸ்போர்ட்டிங் 7 ஆம் இடத்தில் முடித்தது. கழக வரலாற்றிலேயே அதுதான் மிகத் தாழ்ந்த இடம். 2015–16 பருவத்தில் 86 புள்ளிகள் பெற்றும், நகரப் போட்டியாளரான பென்ஃபிக்கா 88 புள்ளிகளுடன் பட்டத்தைத் தட்டிச் சென்றது. பட்ரீசியோ வெளியேறி மூன்று ஆண்டுகள் கழித்து, 2020–21 பருவத்தில்தான் ஸ்போர்ட்டிங் மீண்டும் கூட்டிணைவுப் பட்டம் வென்றது.

அல்கோஷெட் தாக்குதலும் வெளியேற்றமும்

2018 மே மாதம் ஸ்போர்ட்டிங் கழகத்துக்குக் கொந்தளிப்பான மாதமாக அமைந்தது. மே 5 அன்று பென்ஃபிக்காவுக்கு எதிரான ஆட்டத்தின் தொடக்கத்தில், சொந்த அணி ஆதரவாளர்களே பட்ரீசியோ நின்ற கோல் பகுதியை நோக்கித் தீப்பந்தங்களை எறிந்தனர். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் மரித்திமோவிடம் தோற்றதால் வாகையர் கூட்டிணைவு வாய்ப்பு கைநழுவியது. அதற்கு இரண்டு நாள்கள் கழித்து, மே 15 அன்று, முகமூடி அணிந்த ஏறத்தாழ 50 பேர் அல்கோஷெட்டில் உள்ள பயிற்சிக்கூடத்துக்குள் புகுந்து வீரர்களையும் பயிற்றுநர்களையும் தாக்கினர். தாக்குநர் பாஸ் டோஸ்டின் தலையில் காயம் ஏற்பட்டது.

இத்தாக்குதலுக்கு ஐந்து நாள்களுக்குப் பின் அதே வீரர்கள் போர்த்துகல் கோப்பை இறுதியாட்டத்தில் ஆடி, சிறிய கழகமான அவெஸ் அணியிடம் 1–2 எனத் தோற்றனர். சூன் 1 அன்று பட்ரீசியோ, தகுந்த காரணம் உண்டெனக் கூறித் தம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். வேறு பல வீரர்களும் அவ்வாறே செய்தனர். அம்மாத இறுதியில் கழகத் தலைவர் புரூனோ டி கார்வால்யோ உறுப்பினர்களின் வாக்கெடுப்பால் பதவி நீக்கம் செய்யப்பட்டார். 12 வயதில் நுழைந்த கழகத்தைவிட்டு பட்ரீசியோ 30 வயதில் வெளியேறியது இவ்வாறுதான். இது தொடர்பான வழக்கு, 2018 அக்டோபரில் வுல்வர்ஹாம்டன் கழகம் 18 மில்லியன் யூரோ தர ஒப்புக்கொண்டதன் மூலம் தீர்க்கப்பட்டது.

வுல்வர்ஹாம்டன் வாண்டரர்ஸ் (2018–2021)

2018 சூனில் இங்கிலாந்தின் பிரீமியர் லீகுக்கு அப்போதுதான் தரமுயர்ந்திருந்த வுல்வர்ஹாம்டன் கழகத்தில் பட்ரீசியோ சேர்ந்தார். அதன் பயிற்றுநர் நூனோ எஸ்பிரித்தோ சாந்தோவும் முன்னாள் போர்த்துகீசிய கோல்காப்பாளரே.

இங்கு இவர் தேர்ந்தெடுத்த சட்டை எண் பலரது கவனத்தை ஈர்த்தது. கோல்காப்பாளர்கள் வழக்கமாக அணியும் 1 ஆம் எண்ணை விடுத்து, 11 ஆம் எண்ணை அணிந்தார். அக்கழகத்தின் 1 ஆம் எண் கோல்காப்பாளரான கார்ல் இக்கெமே 2017 இல் இரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். அவர்மீதுள்ள மதிப்பின் காரணமாகவே பட்ரீசியோ அந்த எண்ணை ஏற்கவில்லை. இக்கெமே 2018 சூலையில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

வுல்வர்ஹாம்டன் அணி 2018–19, 2019–20 ஆகிய இரு பருவங்களிலும் 7 ஆம் இடம் பெற்றது. 2020 இல் யூரோப்பா கூட்டிணைவின் காலிறுதியை எட்டியது. மூன்று பருவங்களில் நடந்த 114 லீக் ஆட்டங்களில் 112 இல் பட்ரீசியோ ஆடினார். 2021 மார்ச் 15 அன்று லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்தில் சக வீரர் கோனர் கோடியுடன் மோதித் தலையில் அடிபட்டு, நீண்ட நேர முதலுதவிக்குப் பின் களத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்டார். பின்னர் நலமடைந்து மீண்டும் ஆடினார்.

ரோமாவும் இறுதி ஆண்டுகளும்

2021 சூலையில் இத்தாலியின் ரோமா கழகத்துக்கு மாறினார். அங்கு போர்த்துகீசியப் பயிற்றுநர் ஜோசே மொரீனியோவின் அணியில் முதல் நாளிலிருந்தே முதல்நிலைக் காப்பாளராக இருந்தார். 2022 மே 25 அன்று அல்பேனியாவின் திரானா நகரில் நடந்த முதலாவது ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், ரோமா 1–0 என்று ஃபெயனூர்டை வென்றது. இரண்டாம் பாதியில் டைரல் மலாசியா தொலைவிலிருந்து அடித்த பந்தை பட்ரீசியோ விரல் நுனியால் கோல்கம்பத்தில் தட்டிவிட்டது ஆட்டத்தின் முக்கியத் தருணம். 2023 யூரோப்பா கூட்டிணைவு இறுதியாட்டத்தில் ரோமா, செவில்லாவிடம் பெனால்ட்டி உதைகளில் தோற்றது.

2024 சனவரியில் மொரீனியோ நீக்கப்பட்டு டேனியல் டி ரோசி பயிற்றுநரானார். விரைவில் இளையவரான மிலே ஸ்விலார் முதல் இடத்துக்கு வந்தார். பட்ரீசியோ 2024 இல் அட்டலாண்டா கழகத்தில் மாற்றுக் காப்பாளராகச் சேர்ந்தார். 2025 இல் கழக உலகக்கோப்பையை முன்னிட்டு ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் கழகத்தில் இணைந்தார்.

தேசிய அணி

பவுலோ பென்டோ 2010 இல் போர்த்துகல் தேசிய அணியின் பயிற்றுநரானார். ஸ்போர்ட்டிங்கில் பட்ரீசியோவை அறிமுகப்படுத்திய அவரே தேசிய அணியிலும் இவரை அறிமுகப்படுத்தினார். 2010 நவம்பர் 17 அன்று லிஸ்பனில் உலக வாகையரான ஸ்பெயினை 4–0 என்று வீழ்த்திய நட்பு ஆட்டமே இவரது முதல் பன்னாட்டு ஆட்டம்.

2012 ஐரோப்பியக் கோப்பையில் முதல்நிலைக் காப்பாளராக ஆடினார். ஸ்பெயினுக்கு எதிரான அரையிறுதி கோலின்றி முடிந்து பெனால்ட்டி உதைகளுக்குச் சென்றபோது, சாபி அலோன்சோ அடித்த முதல் உதையை பட்ரீசியோ தடுத்தார். ஆயினும் போர்த்துகல் 2–4 எனத் தோற்றது. 2014 உலகக்கோப்பையில் செருமனியிடம் 0–4 எனத் தோற்ற முதல் ஆட்டத்துடன் காயத்தால் விலக நேர்ந்தது.

2016 ஐரோப்பியக் கோப்பை

பிரான்சில் நடந்த இத்தொடரின் குழுநிலையில் போர்த்துகல் ஒரு வெற்றியும் பெறவில்லை. ஐசுலாந்து, ஆஸ்திரியா, அங்கேரி ஆகிய மூன்று அணிகளுடனும் சமன் செய்து, மூன்றாமிடத்தில் இருந்தபடியே அடுத்த சுற்றுக்குச் சென்றது. அதன்பின் தற்காப்பே அணியின் பலமாயிற்று. நான்கு வெளியேற்றச் சுற்று ஆட்டங்களில் பட்ரீசியோ விட்டது ஒரே ஒரு கோல். அது போலந்துக்கு எதிரான காலிறுதியில் லெவண்டோவ்ஸ்கி இரண்டாம் நிமிடத்தில் அடித்தது. அந்த ஆட்டம் 1–1 என முடிந்து பெனால்ட்டி உதைகளுக்குச் சென்றபோது, போலந்தின் நான்காவது உதையை யாக்குப் புவாஷ்சிகோவ்ஸ்கி அடித்தார். பட்ரீசியோ தம் இடப்புறம் பாய்ந்து அதைத் தட்டிவிட்டார். போர்த்துகல் 5–3 என்று வென்றது.

சூலை 10 அன்று பாரிசுக்கு அருகில் உள்ள ஸ்டாட் டி பிரான்ஸ் அரங்கில் இறுதியாட்டம் நடந்தது. எதிரணி, போட்டியை நடத்திய பிரான்சு. காயமடைந்த அணித்தலைவர் ரொனால்டோ 25 ஆம் நிமிடத்திலேயே களத்தைவிட்டு வெளியேறினார். தொடக்கத்தில் அந்துவான் கிரீஸ்மானின் தலைமுட்டலைக் குறுக்குக் கம்பத்துக்கு மேலே தட்டிவிட்ட பட்ரீசியோ, தொடர்ந்து சிசோக்கோ, ஜிரூ ஆகியோரின் அடிகளையும் தடுத்தார். கூடுதல் நிமிடங்களில் ஜின்யாக் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 109 ஆம் நிமிடத்தில் எடர் அடித்த கோலால் போர்த்துகல் 1–0 என்று வென்று, தன் முதல் பெரிய கோப்பையைப் பெற்றது. ரொனால்டோ, பெப்பே, ரஃபயேல் கெரெய்ரோ ஆகியோருடன் பட்ரீசியோவும் தொடரின் சிறந்த அணியில் இடம்பெற்றார். அவ்வாண்டு பலோன் டோர் விருதுக்கான 30 பேர் பட்டியலிலும் இவர் பெயர் இருந்தது. லெய்ரியாவில் இவருக்குச் சிலை ஒன்று நிறுவப்பட்டுள்ளது.

முதல் இடத்தை இழத்தல்

2018 உலகக்கோப்பை, 2019 நாடுகள் கூட்டிணைவு, 2021 இல் நடந்த ஐரோப்பியக் கோப்பை ஆகியவற்றிலும் இவரே முதல்நிலைக் காப்பாளர். 2021 நவம்பர் 14 அன்று லிஸ்பனில் செர்பியாவுக்கு எதிரான உலகக்கோப்பைத் தகுதியாட்டம் நடந்தது. சமன் செய்தாலே போதும் என்ற நிலையில் போர்த்துகல் 1–2 எனத் தோற்றது. செர்பியாவின் முதல் கோலான துசான் தாதிச்சின் அடி, பட்ரீசியோவின் கையில் பட்டும் உள்ளே சென்றது. இதனால் போர்த்துகல் தகுதிச் சுற்றின் இறுதிக்கட்ட ஆட்டங்களுக்குத் தள்ளப்பட்டது. 2022 மார்ச்சில் அவ்வாட்டங்களில் கோல் வாயிலில் நின்றவர் போர்ட்டோ கழகத்தின் இளைஞர் டியோகோ கோஸ்டா.

ஏறத்தாழ பத்து ஆண்டுகள் தன்வசம் வைத்திருந்த இடத்தை இழந்த பின்னும் பட்ரீசியோ அணியிலிருந்து விலகவில்லை. 2022 உலகக்கோப்பையிலும் 2024 ஐரோப்பியக் கோப்பையிலும் மாற்றுக் காப்பாளராக அணியுடன் சென்றார். 2024 இல் சுலோவீனியாவுக்கு எதிராக கோஸ்டா மூன்று பெனால்ட்டி உதைகளைத் தடுத்து அணியைக் காலிறுதிக்கு அழைத்துச் சென்றபோது, பட்ரீசியோ மாற்று வீரர்களுள் ஒருவராக இருந்தார்.

மதிப்பீடு

1.90 மீட்டர் உயரமுள்ள பட்ரீசியோ, கோல்கோட்டில் நின்று விரைவாகப் பாய்ந்து தடுப்பதில் வல்லவர். ஆரவாரமில்லாத இயல்பினர். போர்த்துகல் தேசிய அணியில் இவருக்கு முன் அதிக ஆட்டங்கள் ஆடிய கோல்காப்பாளர் 80 ஆட்டங்கள் ஆடிய வீட்டோர் பாயா. போர்ட்டோ கழகத்துடன் பல கூட்டிணைவுப் பட்டங்களை வென்ற பாயாவுக்குத் தேசிய அணியுடன் பெரிய கோப்பை வாய்க்கவில்லை. பட்ரீசியோவின் நிலை இதற்கு நேர் எதிரானது: நாட்டுக்குக் கிடைத்த முதல் கோப்பைகளில் பங்கு கொண்டவர், தாம் வளர்ந்த கழகத்துக்கு லீக் பட்டம் பெற்றுத்தர இயலாமலேயே விடைபெற்றார்.

வென்ற கோப்பைகள்

ஸ்போர்ட்டிங்
• போர்த்துகல் கோப்பை: 2006–07, 2007–08, 2014–15
• போர்த்துகல் சூப்பர் கோப்பை: 2007, 2008, 2015
• லீக் கோப்பை: 2017–18

ரோமா
• ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக்: 2021–22

போர்த்துகல்
• ஐரோப்பியக் கோப்பை: 2016
• நாடுகள் கூட்டிணைவு: 2019