பேசியே மனநோயைத் தீர்க்க முடியுமா?

பயத்தாலும் கவலையாலும் வாடுகிறவர்களை உட்கார வைத்து, பேசியே குணப்படுத்தும் வைத்தியம் ஒன்று உண்டு. வாரா வாரம் போக வேண்டும். பணமும் செலவாகும். பலன் கிடைக்குமா?

கிடைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 1952-ம் ஆண்டில் ஒருவர் எழுதினார். வைத்திய உலகம் திடுக்கிட்டது.

அவர் பெயர் ஹான்ஸ் ஐசங்க். ஜெர்மனியில் பிறந்து, லண்டனில் வேலை பார்த்த மனோதத்துவ நிபுணர். மற்றவர்கள் செய்த 24 ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டார். மொத்தம் 7 ஆயிரம் நோயாளிகளுக்கு மேல்!

பிராய்டு முறையில் வைத்தியம் செய்து கொண்டவர்களில் 100-க்கு 44 பேருக்குக் குணம். வேறு முறைகளில் 64 பேர். இந்த வைத்தியமே செய்யாதவர்களில் 72 பேர்!

அப்படியானால் சும்மா இருப்பதே மேலா? அவசரப்படக் கூடாது. அந்த 72 பேர் யார் என்று பார்க்க வேண்டும்.

சிலர் மனநோய் ஆஸ்பத்திரிகளில் இருந்தவர்கள். மற்றவர்கள், மனக்கோளாறால் வேலைக்குப் போக முடியவில்லை என்று அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றிடம் பணம் கேட்ட 500 பேர். இந்த 500 பேரும் சும்மா இருக்கவில்லை. குடும்ப டாக்டரிடம் போனார்கள். அவர் மருந்து கொடுத்தார், தைரியமும் சொன்னார். தைரியம் சொல்வதும் பேச்சுத்தானே!

44 மட்டும் என்ன? பாதியில் நின்று விட்டவர்களையும் "குணமாகாதவர்கள்" பட்டியலில் ஐசங்க் சேர்த்து விட்டார். அவர்களை நீக்கினால் 66 ஆகி விடும். இதை அவரே எழுதியிருக்கிறார். ஆனால் ஜனங்கள் மனதில் நின்றது 44தான்! வைத்தியத்துக்குப் பணம் கட்டப் போகும் குடும்பம், எத்தனை பேருக்குக் குணம் என்பதோடு, யாரை எண்ணினார்கள் என்றும் கேட்க வேண்டும்.

1977-ல் அமெரிக்காவில் ஸ்மித், கிளாஸ் என்ற இருவர் 375 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வைத்தியம் பெற்ற சராசரி ஆள், பெறாத 100 பேரில் 75 பேரை விட நன்றாக இருந்தார். ஐசங்க் விடவில்லை. நல்ல ஆராய்ச்சியையும் மோசமான ஆராய்ச்சியையும் கலக்கலாமா என்று சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்வி. கல்லோடு அரிசியைச் சேர்த்துப் பொங்கினால் சோறு எப்படி இருக்கும்?

பானைக்கே வராத அரிசியும் உண்டு. மனச்சோர்வுக்கான பேச்சு வைத்தியம் பற்றி அமெரிக்க சர்க்கார் பணத்தில் நடந்த 55 ஆராய்ச்சிகளை 2015-ல் சிலர் தேடிப் பார்த்தார்கள். அவற்றில் 13 வெளிவரவே இல்லை! கிடைத்தவற்றைக் கேட்டு வாங்கிச் சேர்த்தார்கள். வைத்தியத்தின் பலன் கால்வாசி குறைந்தது. மீதி முக்கால்வாசி அப்படியே நின்றது.