சங்கத்தின் இணையத்தளத்திற்கு இடம் தேடுதல்

மாதுங்காவிலும் கரோல்பாகிலும் பிற நகர்களிலும் வாழும் தமிழன்பர்கள் தத்தம் சங்கத்திற்கென ஓர் இணையத்தளம் வேண்டுமென விழைகின்றனர். பொங்கல் விழா நிகழ்ச்சி நிரல், குழந்தைகளின் தமிழ் வகுப்பு நேரம், பழைய ஆண்டு மலர்கள் ஆகியவற்றை அதில் வெளியிடலாம். இத்தகைய தளத்திற்கு இடம் தரும் சேவையை, அஃதாவது ஹோஸ்டிங் வசதியை, எங்ஙனம் தேர்வது என்பதே நாம் ஆராயப் புகும் பொருள்.

முதற்கண், நமது தளம் எவ்வகையினது என்பதைத் தெளிதல் வேண்டும். அச்சிட்ட அறிக்கையைக் கேட்டவர்க்கெல்லாம் எடுத்துக் கொடுப்பது ஒரு வகை. கேட்பவர் யாரெனப் பார்த்து, அவர்க்கெனப் புதிதாய் எழுதிக் கொடுப்பது மற்றொரு வகை. முன்னையதே நிலைத்தளம். அதற்கு வேண்டுவன எழுதி முடித்த பக்கங்களும் படங்களுமே, தரவுத்தளம் வேண்டுவதில்லை. ஆதலின் செலவு மிகக் குறைவு, பழுதும் அரிது.

இத்தகைய தளங்களுக்குக் கட்டணமின்றியே இடம் கிடைக்கின்றது. கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃபிளேர் பேஜஸ் என்பன அவற்றுட் சில. கிட்ஹப் பேஜஸில் தளத்தின் அளவு 1 ஜிகாபைட்டுக்கு மிகலாகாது. மாதந்தோறும் 100 ஜிகாபைட் வரை பிறர்க்கு அனுப்பலாம். ஒரு பக்கம் படங்களுடன் 1 மெகாபைட் எனக் கொள்வோமாயின், மாதத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை அதனைத் திறக்க இயலும். ஒரு சங்கத்திற்கு இது போதாதா? எனினும் கட்டணமற்ற கணக்கில் நம் கோப்புகள் யாவரும் காணுமாறு இருக்கும். உறுப்பினர்களின் தொலைபேசி எண்களை அங்கு வைத்தலாகாது. வாணிகம் நடத்துவதற்கும் அவ்விடம் உரியதன்று.

கட்டணம் பெறுவோரிடம் செல்வதாயின், முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் கண்டு மகிழ்தல் கூடாது. புதுப்பிக்கும்போது எவ்வளவு கேட்பர் என்பதையே முதலில் வினவுதல் வேண்டும். பூட்டுக்குறி காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்கெனத் தனித்தொகை கேட்டால் தயங்குக. லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் அதனை இலவசமாகவே வழங்குகின்றன.

இவை அனைத்தினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. 1994ஆம் ஆண்டு தொடங்கி, 1999இல் யாஹூ நிறுவனத்தின் கைக்கு வந்த ஜியோசிட்டீஸ், பல லட்சம் மக்களுக்கு இலவச இடம் தந்தது. 2009 அக்டோபரில் ஜப்பான் நீங்கலாக அஃது மூடப்பட்டது. தம்மிடம் நகல் வைத்திருந்தோர் வேறிடம் பெயர்ந்தனர். ஆயினும் முகவரி ஜியோசிட்டீஸுக்கே உரியதாகையால், பழைய முகவரியை நாடி வந்தோர் அவர்களைக் காண வழியின்றிப் போயிற்று. நகலும் இல்லாதோரின் பக்கங்களுட் பல அழிந்தே ஒழிந்தன.

இதனால் நாம் அறிவது யாதெனின், இடம் பிறருடையதாயினும் பெயர் நம்முடையதாதல் வேண்டும் என்பதே. டாட் இன், டாட் ஓஆர்ஜி போன்ற தளப்பெயர் ஒன்றை ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பதிவு செய்துகொள்ளின், சேவை மூடினும் பக்கங்களை வேறிடத்தில் ஏற்றி, அப்பெயர் அங்கே சுட்டுமாறு மாற்றிவிடலாம். ஓரிரு நாட்களில் பழைய முகவரியிலேயே தளம் மீண்டும் தோன்றும்.

அப்பெயரும் சங்கத்தின் பெயரிலேயே பதிவாதல் நன்று. வேலையின் பொருட்டு ஊர்விட்டு ஊர் மாறுவது நம்மவர் வாழ்க்கை. ஆர்வமிக்க இளைஞர் ஒருவர் தம் சொந்த மின்னஞ்சலில் அனைத்தையும் பதிந்து, பின்னர் மாற்றலாகிச் சென்றுவிட்டால், புதுப்பிக்கும் அறிவிப்பு அவருக்கே செல்லும். பெயர் காலாவதியாகிப் பிறர் கைப்படவும் கூடும். ஆகவே சங்கத்திற்கெனத் தனி மின்னஞ்சல் அமைத்து, கடவுச்சொல்லைச் செயலரும் பொருளாளரும் அறிந்திருத்தல் வேண்டும். கோப்புகளின் நகலொன்று கணக்குப் புத்தகத்தைப் போலவே சங்க அலமாரியில் இருத்தல் வேண்டும்.

இவ்விரண்டும் கைவசமிருப்பின், எச்சேவையைத் தேர்ந்தாலும் பெருந்தவறு நேராது.